ஒரே பாஸ்வேர்டில் நாலு பேர்

போன வாரம் எனக்குக் காய்ச்சல். கிளினிக்கில் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தார்கள். எம்சி கிடைத்த மனிதன் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திறந்ததுமே அந்தக் கடை வந்து முன்னால் நின்றுகொண்டது. மாபெரும் தள்ளுபடி, இன்னும் சில மணி நேரம்தான், விட்டால் போச்சு என்றது. கடை என்றால் படியேறிப் போகிற கடை இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்திலேயே விற்கிற கடை. காசு கட்டினால் விளையாட்டு தானாக வந்து நம் வீட்டில் இறங்கும். கையில் தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

நான் அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளன். என் கணக்கில் சேர்ந்திருக்கிற விளையாட்டுகளை எல்லாம் ஆடி முடிக்க வேண்டுமென்றால் வேலையை விட்டு, வீட்டை விட்டு, காவி கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். பாதிக்கு மேல் திறந்துகூடப் பார்த்ததில்லை. மலிவாக வந்ததே என்று வாங்கிப் போட்டவை. என் மனைவி காலி ஐஸ்கிரீம் டப்பாக்களைச் சேர்த்து வைக்கிறாள். நான் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, அவள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. குடும்பம் அமைதியாகப் போகிறது.

அன்றைக்கும் எதையாவது வாங்கித் தொலைத்திருப்பேன். ஆனால் ஓரத்தில் இருந்த நண்பர்கள் பட்டியலில் ஒரு பெயர் பச்சையாக எரிந்தது. தயாளன். பெயருக்குக் கீழே, லோரி ஓட்டும் விளையாட்டில் இருக்கிறார் என்று போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. தயாளன் அந்த நேரத்தில் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது போகட்டும். தயாளன் அந்த லோரி விளையாட்டை வாழ்நாளில் தொட்டதில்லை. அது சேகரின் விளையாட்டு. சேகரோ அந்தக் கணக்கைத் திறந்து எத்தனையோ வருடங்களாகின்றன.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காய்ச்சல்காரன் பேச்சு அப்படி இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் சூடேறினால் ஒரு பிளாஸ்டிக் வாசனை வரும் பாருங்கள், அது எனக்குக் கிள்ளான் பசார் மாலாமை, அந்த இரவுச் சந்தையைத்தான் ஞாபகப்படுத்தும். எங்கள் காலத்தில் விளையாட்டு வாங்குவது அங்கேதான். சோளம் அவிக்கிற வண்டிக்கும் அப்பம் பாலிக் கடைக்கும் நடுவில் ஒரு மேசை, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் திருட்டு சிடிக்கள். எதை எடுத்தாலும் ஐந்து வெள்ளி. அமலாக்க அதிகாரிகள் தெருமுனையில் திரும்பினார்கள் என்றால், கண் மூடித் திறப்பதற்குள் மேசையைக் காணோம். கடைக்காரர் எங்கள் பக்கத்தில் நின்று, ஒரு பாவமும் அறியாதவராகச் சோளம் தின்றுகொண்டிருப்பார். அதிகாரிகளும் ஆளுக்கு ஒரு சோளம் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். அடுத்த நிமிடம் மேசை திரும்பி வந்துவிடும். சட்டம் ஒழுங்கு அந்த அளவுக்குச் சிறப்பாக இருந்தது.

தயாளன், சேகர், மூர்த்தி, நான் என்ற எங்கள் நால்வரில் முதன்முதலில் அந்த இணையக் கடையில் காசு கட்டி வாங்கியவன் தயாளன். அப்போது அவன் அதே ஏஜென்சியில் சாதாரணக் கிளார்க். நேர்மையில் ஒரு முற்றிய நோயாளி. "களவுன்னா களவுதான்லா" என்றான். நாங்கள் அவனை வைத்து ஒரு மாதம் ஓட்டினோம். இல்லாத சிடிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தவன் என்று எங்கள் வட்டாரமான பண்டமாரான் முழுக்கச் சொல்லிவைத்தோம். அந்தச் சமயத்தில்தான் மூர்த்தி வாங்கிய திருட்டு சிடியோடு ஒரு வைரஸ் வந்து, அவன் செய்து வைத்திருந்த பரீட்சைத் தாள்களைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. மூர்த்தி பந்திங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் வாத்தியார். பிள்ளைகளுக்கு அந்த வருடம் போன வருடத்துத் தாளே வந்தது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பற்றி மூர்த்தி இன்றுவரை பேச விரும்புவதில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கும் நேர்மை வந்தது. ஆனால் முழுதாக வரவில்லை. பாங்க் கார்டு எண்ணை இணையத்தில் போட்டால் யாராவது உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் வீடுகளில் பயம். எங்களுக்கும் பயம். தயாளனின் கார்டு எண் ஏற்கெனவே இணையத்துக்குப் போய்விட்டதால், போனால் அவனுடையதே போகட்டும் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு, நாலு பேர். மூர்த்தி அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தான். "நாலு பேருக்கு நாலு ரொட்டி சானாய் வேணும், ஒத்துக்கறேன். நாலு பேருக்கு எதுக்குடா நாலு கேம்? சாப்பிட்டாக் கொறையவா போகுது?" வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாட முடியும். இன்னொருவர் உள்ளே வந்தால் முதல் ஆளை அது பிடித்து வெளியே தள்ளிவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு பஸ் பாஷை உண்டாயிற்று. உள்ளே போவதற்கு ஏறுவது என்று பெயர், வெளியே வருவதற்கு இறங்குவது. யார் ஏறுவதாக இருந்தாலும் முதலில் போன் செய்து கேட்க வேண்டும். கேட்காமல் ஏறினால் பெரிய சண்டை. "டேய், யாரு உள்ள? இறங்குடா, என் டர்ன்." "இருலா, இந்த ஒரு லெவல் முடிச்சிக்கறேன்." அந்த ஒரு லெவல் முடிவதற்குள் அவன் வீட்டில் என்ன குழம்பு, என் முதலாளி அன்றைக்கு என்ன திட்டினார், மூர்த்தியின் தலைமையாசிரியை யாரோடு முறைத்துக்கொண்டார் எல்லாம் பேசி முடித்திருப்போம். பல நாட்கள் பேச்சு முடிகிற நேரத்தில் விளையாடுகிற நேரம் போயிருக்கும்.

இதில் சேகர் தனி ரகம். அவன் நிஜத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுநர். பகல் முழுக்கத் துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் லோரி ஓட்டுவான். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, கம்ப்யூட்டரில் லோரி ஓட்டுவான். ஏன்டா இப்படி என்று கேட்டால், "இதுல ரோட் பிளாக் இல்ல மச்சான். முதலாளி போன் பண்ண மாட்டாரு" என்பான். விளையாட்டுக்குள் சொந்தமாக ஒரு லோரிக் கம்பெனியே வைத்திருந்தான். பெயர் சேகர் அண்ட் சன்ஸ். அப்போது அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. நிஜத்தில் அவன் ஓட்டிய லோரி, கதவிலிருந்து சக்கரம் வரை முதலாளியுடையது. கம்பெனி வளர வளர அவன் இறங்குகிற நேரம் தள்ளித் தள்ளிப் போனது. நாங்கள் திட்டுவோமே தவிர, அவனைத் தள்ளிவிட்டு ஏறியதில்லை.

இப்படி நாங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது தயாளன் காதலித்துக்கொண்டிருந்தான். அவன் அந்தக் கணக்கில் விளையாடியதே சொற்பம். ஷாமினி அவன் ஆபீஸ் கட்டடத்திலேயே மேல்மாடியில் வேலை பார்த்தாள். தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸ்காரி, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா பரராஜசிங்கம், அரசாங்கக் கருவூலத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் வரிசையாக அரசாங்க உத்தியோகம், டாக்டர், வக்கீல். தயாளனின் குடும்பத்தில் வரிசையாக ரப்பர்த் தோட்டத்துப் பால்மரம், செம்பனை, அதற்கப்புறம் துறைமுகம். ஆனாலும் அவர்கள் உடனே மாட்டோம் என்று சொல்லவில்லை. படித்தவர்கள், அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். "கிள்ளான் கொஞ்சம் தூரம்" என்றார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஏறினால் உட்கார்ந்தபடியே வந்து இறங்கலாம். அவர்களுடைய சொந்தக்காரர்கள் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள், அது தூரமில்லை.

பிறகு பையனைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் கோயிலில் விசாரிப்பார்கள், வேலையிடத்தில் விசாரிப்பார்கள். இந்தத் தடவை ஷாமினியின் அண்ணன் ரமணன் இணையத்தில் விசாரித்தான். அவன் தொழிலில் கணக்காய்வாளன். அவனுக்கும் அதே கடையில் ஒரு கணக்கு இருந்தது, அதில் தயாளனின் பக்கத்தைத் தேடிப் பிடித்துவிட்டான். அந்தக் கடையில் ஒரு துரோக புத்தி உண்டு. எந்த விளையாட்டை எத்தனை மணி நேரம் ஆடினோம் என்று ஊரறிய எழுதிப்போட்டுவிடும். சேகரின் லோரி நேரம், மூர்த்தியின் துப்பாக்கி நேரம், என் கால்பந்து நேரம், எல்லாம் தயாளன் பெயரில் சேர்ந்து நின்றது. அந்தக் கணக்கை நம்பினால் தயாளன் பல வருடங்களாக வேலைக்குப் போகவில்லை, தூங்கவில்லை, அநேகமாகக் குளிக்கவும் இல்லை.

பையன் சூதாட்டக்காரன் போல இதற்கு அடிமை, மன்னிக்கவும் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தோட்டத்துப் பேரன் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் கூசியது. மணிக்கணக்கைக் காட்டுவதற்கு ஒரு கூச்சமும் இல்லை. தேடிக்கொண்டிருந்த காரணத்தை நாங்களே மூன்று பேருமாகச் சேர்ந்து, ராத்திரி பகலாக உழைத்து, அவர்கள் கையில் கொடுத்திருந்தோம்.

தயாளன் அழவில்லை, கத்தவில்லை. "இந்தக் கல்யாணம் நடக்கலன்னா அந்த அக்கவுண்ட அழிச்சிருவேன். யாரும் வந்து பேசாதீங்க" என்றான். நாங்கள் அவன் காதலுக்காகத்தான் பிரிக்பீல்ட்ஸுக்குப் புறப்பட்டோம் என்று நீங்கள் நினைத்தால் எனக்கு மகிழ்ச்சி. போகிற வழியில் காரில் நாங்கள் பேசியது முழுக்க அக்கவுண்ட்டைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூர்த்தியின் கார். பின்சீட்டில் தயாளன், மாப்பிள்ளை பார்க்கவும் இல்லை, பெண் பார்க்கவும் இல்லை என்கிற நிலையில் வேட்டியா கால்சட்டையா என்று குழம்பி, கடைசியில் ஆபீஸ் உடுப்பில் வந்திருந்தான். என் மடியில் ஆப்பிளும் ஆரஞ்சும் அடுக்கிய தட்டு, காலடியில் லேப்டாப். பூக்கடைகளைத் தாண்டி, கார் நிறுத்த இடம் தேடித் தெருவைப் பலமுறை சுற்றினோம். சேகர் வரவில்லை. அவன் வராமல் இருப்பதுதான் எங்கள் திட்டத்தின் உயிர்நாடி.

திட்டம் மூர்த்தியுடையது. தயாளன் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். அதே நேரத்தில் சேகர் பண்டமாரானில் தன் வீட்டிலிருந்து விளையாடுவான். தயாளனின் பெயர் பச்சையாக எரிவதை அவர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள். அந்த மணிக்கணக்கு வேறு ஆட்களுடையது என்று நிரூபணமாகிவிடும். எங்களுக்கு இதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

பரராஜசிங்கம் அங்கிள் மரியாதையாகத்தான் வரவேற்றார். "இருங்கோ தம்பிமார்" என்றார். வடை வந்தது, தேநீர் வந்தது. ரமணன் எதிரே கைகட்டி உட்கார்ந்தான். மூர்த்தி, வகுப்பில் சோதனை செய்து காட்டுகிற தோரணையில் லேப்டாப்பைத் திறந்து தயாளனின் பக்கத்தைக் காட்டினான். நான் மேசைக்குக் கீழே சேகருக்கு 'ஏறு' என்று செய்தி அனுப்பினேன். தயாளன் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி அசையாமல் இருந்தான்.

பெயர் பச்சையாயிற்று.

"பாத்தீங்களா அங்கிள்? தயாளன் இங்க இருக்கான். கேம் அங்க ஓடுது" என்றான் மூர்த்தி.

அங்கிள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அப்ப இப்ப விளையாடுறது ஆர்?"

"சேகர் அங்கிள். லோரி ஓட்டுறவரு."

"மற்ற நேரத்தில?"

"நானு. அப்புறம் இவரு."

"எல்லாரும் தயாளன்ட பேரில."

"ஆமா அங்கிள்." பாடம் ஒருவழியாகப் புரிந்துவிட்டதே என்று மூர்த்தியின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"காசு கட்டுற பாங்க் கார்டும் இதுக்குள்ளதானே இருக்கு?"

"அதுவும் தயாளனோடதுதான்" என்று நான் வேறு சேர்த்துச் சொன்னேன்.

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நான் வேலை செய்த காலம் முழுக்க கஜானாச் சாவி என்ட கையில இருந்தது. ஒருநாளும் என்ட மனுசியிட்டக்கூடக் குடுத்ததில்லை. விளையாடுற பெடியனுக்கு மகளைக் குடுக்கலாம். வயசு போனா விட்டிடுவான். சாவியை ஊருக்கெல்லாம் குடுக்கிறவனுக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

மூர்த்தி வாயில் இருந்த வடையை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அதற்குமுன் தட்டில் இருந்த பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதா விட்டுவிட்டுப் போவதா என்றும் யோசனை வந்தது. தோட்டத்தைக் காரணமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். இதற்குச் சண்டை போட முடியாது. மனிதர் சொன்னது நியாயம்.

அப்போது ஷாமினி சமையலறையிலிருந்து வந்தாள். அதுவரை அவள் அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாது. "அப்பா, இவருக்கு நோ சொல்லத் தெரியாது. அது தெரிஞ்சுதான் நான் சரின்னு சொன்னேன்" என்றாள். பிறகு தயாளனைப் பார்த்தாள். "இப்பவே மாத்துங்க. எல்லார் முன்னாலயும்."

தயாளன் எங்களைப் பார்த்தான். நான் தேநீரைப் பார்த்தேன். அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கைப்பேசிக்கு ஓர் எண் வந்தது, அதைப் போட்டான், புதுப் பாஸ்வேர்டைத் தட்டினான். அவன் தட்டும்போது அங்கிள் நாகரிகமாகச் சுவரில் இருந்த காலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரமணனும் திருப்பிக்கொண்டான். கடைசியில் நாங்களும் திருப்பிக்கொண்டோம். அத்தனை பேரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தயாளனின் கைப்பேசி அடித்தது. பதற்றத்தில் அவன் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"டேய், யார்டா என்னை இறக்கிவிட்டது? பாதி வழியிலடா. சரக்கோட நிக்கிறேன்."

எல்லோரும் காலண்டரிலிருந்து திரும்பினோம். "ஆர் அது?" என்றார் அங்கிள்.

"அதான் அங்கிள், லோரிக்காரரு" என்றான் தயாளன்.

அங்கிள் தலையை ஆட்டிக்கொண்டார். "தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ" என்றார். அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் என்பதைப் பிறகு ஷாமினிதான் எங்களுக்குச் சொன்னாள்.

கல்யாணம் கிள்ளானில் நடந்தது. கிள்ளான் அன்றைக்கு அவ்வளவு தூரமாக இல்லை. கணக்கைக் காப்பாற்றப் போய்க் கல்யாணத்தைக் காப்பாற்றிவிட்டு வந்த நாங்கள் மூவரும் பந்தியில் பரிமாறினோம். சேகர் மட்டும் என் பக்கத்தில் வந்து, "என் கம்பெனி என்னடா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளையிடம் போய்க் கேள் என்றேன். மாலையும் கழுத்துமாக இருப்பவனிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கி அவன் கேட்கவே இல்லை.

அதன்பிறகு ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு கணக்கு. யாரும் யாருக்காகவும் இறங்க வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம். நாங்கள் எல்லோரும் ஆட்டத்தை விட்டது அப்போதுதான். வாங்குவதை மட்டும் நான் விடவில்லை. மூர்த்திக்கு ஒரு தள்ளுபடி ஞாபகம்கூட இருக்காது. சேகர் முதுகு வலி தாங்காமல் லோரியை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் வாசல் பார்க்கிறான். நாங்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்வது சாவுச் செய்திக்கு என்று ஆகிவிட்டது. பிறந்தநாளுக்குக் கேக் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை தயாளன் பெயர் பச்சையாக எரிந்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. "டேய் தயா, ஆபீஸ் இல்லையாடா? லோரியா ஓட்டுற?" என்று எழுதினேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் முற்றுப்புள்ளி இருந்தது. தயாளன் பிறந்ததிலிருந்து முற்றுப்புள்ளி வைத்ததில்லை.

"தம்பி. நான் தயாளன் இல்லை. அவற்ற மாமா, பரராஜசிங்கம். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு மகளோட இங்க கிள்ளானிலதான் இருக்கிறன். பொழுது போகேல்லை எண்டு மருமகன் இதைக் காட்டித் தந்தவர்."

"பாஸ்வேர்டுமா அங்கிள்?"

"ஓம். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு சொல்லித்தான் தந்தவர்."

காய்ச்சலோடு சிரிக்கக் கூடாது. இருமல் வந்து கண்ணில் நீர் தள்ளிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால் அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் திறக்கேக்கை ஒரு லோரி நடுவழியில நிண்டது. உங்கட சிநேகிதன்ட லோரி எண்டு மருமகன் சொன்னவர். அந்தச் சரக்கை நான்தான் கொண்டுபோய் இறக்கினனான். பிந்தினதுக்கு அபராதம் வெட்டிப்போட்டாங்கள். அது நியாயம்தானே. கம்பெனிப் பேரை நான் மாத்தேல்லை."

கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது. "உங்களுக்கு இப்ப விளையாட வேணுமோ? நான் இறங்கவோ?"

அந்த லோரி விளையாட்டு என் கணக்கில் இரண்டு விதமாக இருக்கிறது, சாதாரணப் பதிப்பும் தங்கப் பதிப்பும். இரண்டையும் நான் திறந்ததில்லை. எனக்காக உலகத்தில் யாரும் இறங்க வேண்டிய அவசியம் இல்லை. இறங்கட்டுமா என்று என்னை யாரும் கேட்டு எத்தனையோ வருடங்களாகின்றன என்பது அந்த வரியைப் படித்தபோதுதான் தெரிந்தது. அதை இன்னும் இரண்டு தடவை படித்தேன். காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வேணாம் அங்கிள். ஓட்டுங்க" என்று எழுதினேன்.

பிறகு சேகருக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "யாருக்கு என்னடா ஆச்சு?" என்றான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவனை நம்பவைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் பக்கத்தில் கிடங்கு வாசலில் ஏதோ லோரி பின்னோக்கி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கடா இறக்குனாரு?" என்றான்.

"தெரியலலா."

"கேட்டுச் சொல்லு. அப்படியே அவரு எப்ப இறங்குவாருன்னும் கேளு."

பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை. அதை நான் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.